கண்வலிக்காட்டில் விளக்கெண்ணெய்

அந்தப் பூவைப் பார்த்தால் கண் வலிக்கும் என்று எங்கள் ஊரில் முதன்முதலில் சொன்னது நாச்சியம்மாள்தான். அது பச்சைப் பொய். பொய் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. ஊரில் யாராவது பொய் சொன்னால் அங்கேயே நின்று மல்லுக்கு நிற்கிற ஆள் நான். அப்படிப்பட்டவன் நாலு வருடம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றால் அதற்குக் காரணம் இருந்தது.

நாச்சியம்மாள் என் பெரியப்பா மகன் ஈஸ்வரமூர்த்தியின் மனைவி. அண்ணன் மனைவியை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவோம். எங்கள் ஊர் வேலாங்காட்டுவலசு. பல்லடத்திலிருந்து தாராபுரம் போகிற பஸ்ஸில் வந்து இறங்கி, இரண்டு பக்கமும் வேலி அடைத்த இட்டேரி வழியாக உள்ளே நடக்க வேண்டும். விளைநிலத்தைத்தான் நாங்கள் காடு என்போம்; அவர்கள் காடும் என் காடும் பக்கத்துப் பக்கத்தில், நடுவில் ஒரு கிளுவை வேலி. அண்ணன் பல்லடத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் ஃபிட்டர். ஞாயிற்றுக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் பண்ணையம் நங்கையின் கையில். நங்கை எட்டாவது வரை படித்தவர், நல்ல உயரம். பேச்சு குறைவு, கோபம் வந்தால் அதுவும் நின்றுவிடும்.

அந்த வீட்டில் இருந்த இன்னொருத்தி சுப்பாத்தாள், அண்ணனின் ஒரே தங்கை. கிணத்துக்கடவில் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்தில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவன் லாரியில் அடிபட்டுச் செத்துப்போனான். மாமியார் வீட்டில் ராசி, ஜாதகம் என்று பேச ஆரம்பித்ததும் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். வந்த வருடமே ஒரு மத்தியானம், கிணற்றுமேட்டில் நின்றவளை ஆடு மேய்க்கிற கருப்புசாமி பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வீட்டில் விட்டார். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்கு விருப்பமில்லை.

அன்றைக்கு நங்கை செய்ததை மட்டும் சொல்கிறேன். வீட்டில் கிடந்த பூச்சிமருந்து டப்பாக்களை எல்லாம் ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, தலையில் வைத்து என் காட்டுக் கொட்டகைக்கு, எங்கள் பேச்சில் சாளைக்கு, கொண்டுவந்தார்.

"இனி மருந்தெல்லாம் உங்க சாளையிலயே இருக்கட்டுங்க தம்பி. சாவியும் நீங்களே வெச்சுக்குங்க" என்றார்.

கிணற்றுக்குக் கம்பி மூடி போட்டார்கள். சுப்பாத்தாள் எங்கே போனாலும் நங்கையின் கண் பின்னாலேயே போகும். ஆனால் ஏன் அப்படிச் செய்தாய் என்று அவளிடம் நங்கை ஒருமுறை கூடக் கேட்டதில்லை. கேட்டால் மறுபடி நினைப்பு வந்துவிடுமோ என்ற பயம்.

தொண்ணூற்றிரண்டாம் வருடம் எங்கள் கிணறுகளில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போனது. நான் வெங்காயத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன். நங்கை அழவில்லை, விசாரித்தார். மூலனூர்ப் பக்கம் கண்வலிக்கிழங்கு என்று ஒன்று போடுகிறார்கள், தண்ணீர் அதிகம் கேட்காது, விதையை வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறது என்று தெரிந்துகொண்டார். எருமையை விற்றார். கோயமுத்தூரில் டவுன்ஹால் பக்கம் நாட்டுமருந்து மொத்தக்கடை வைத்திருந்த ரசாக்கிடம் கிழங்குக்குச் சொன்னார். கிழங்கு கொடுப்பவரும் அவரே, விதையைத் திருப்பி எடுப்பவரும் அவரே.

ஆடி மாதம் ஒரு டெம்போவில் மூட்டைகளோடு ரசாக் வந்தார். வெள்ளைச் சட்டையில் தூசு படாமல் மூட்டை இறக்க முடியும் என்று அவரிடம்தான் பார்த்தேன். ஒரு கிழங்கை எடுத்துக் காட்டினார். ஏர்க்கலப்பை மாதிரி கவட்டையாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு கவட்டை நுனியிலும் ஒரே ஒரு முளை. அந்த நுனி ஒடிந்தால் அவ்வளவுதான், எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கிழங்கு மண்ணுக்குள் கிடந்து அழுகும் என்றார். பூ வந்ததும் என்ன செய்ய வேண்டும், காய் எப்போது பறிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொன்னார். எல்லாம் சொல்லி முடித்து, டெம்போக்காரர் வண்டியைக் கிளப்புகிற நேரத்தில்தான் இதைச் சொன்னார்.

"கெழங்கை மட்டும் பத்திரமாப் பார்த்துக்குங்கம்மா. வெதை மருந்துக்குப் போகுது, அது வேற. கெழங்கு வெசம். வாயில பட்டா ஆளு தங்கறது கஷ்டமுங்க."

நங்கை அவரையே பார்த்தார். "இதை ஏனுங்க மொதல்லயே சொல்லலை?"

"மூலனூர்ல பச்சக்கொழந்தைக்கும் தெரியுமுங்களே. உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு நெனைச்சுட்டேன்."

எருமை போய்விட்டது. காடு உழுது, கிழங்கு ஊன்ற வரிசை வரிசையாகப் பார் பிடித்துக் கிடக்கிறது. மூட்டைகள் வாசலில் கிடக்கின்றன. அந்த நேரம் பார்த்து ரசாக்குக்கு டீ எடுத்துக்கொண்டு சுப்பாத்தாள் வெளியே வந்தாள். மூட்டை வாயில் தெரிந்த கிழங்கைக் குனிந்து பார்த்தாள்.

"இது என்ன கெழங்குங்க நங்கை? வேக வெச்சுத் திங்கறதுங்களா?"

ரசாக் பதில் சொல்ல வாயைத் திறந்தார். நான் அவர் காலை மிதித்தேன். நல்ல மனிதர், ஏன் மிதித்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை.

நங்கையின் முகத்தில் ஒரு சொட்டு ரத்தம் இல்லை. ஆனால் குரல் நடுங்கவில்லை. "திங்கறது இல்ல கண்ணு. கண்வலிக்கெழங்கு. பேரைப் பாரு, பார்த்தாலே கண்ணு வலிக்கும். பூவு வந்துச்சுன்னா இன்னும் மோசம். நீ காட்டுப்பக்கமே வர வேண்டாம்."

சுப்பாத்தாள் கிழங்கைப் பார்த்தாள். நங்கையைப் பார்த்தாள். "செரிங்க" என்று சொல்லி டம்ளரை ரசாக் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனாள்.

பொய்யை ஒருத்தியிடம் சொன்னால் போதாது என்று நங்கைக்கு அன்று சாயங்காலமே புரிந்துவிட்டது. ஊருக்கே சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உண்மை எவள் வாயிலாவது ஏறி வீட்டுக்குள் வந்துவிடும். தண்ணீர்க் குழாயடியில், பால் சொசைட்டியில், ரேஷன் கடை வரிசையில் என்று பேச்சு குறைவான எங்கள் நங்கை பார்த்தவர்களிடமெல்லாம் அந்தப் பூவின் மகிமையைப் பேசினார். கருப்புசாமியிடம் மட்டும் அந்தப் பேச்சு எடுபடவில்லை. ஆடு மேய்க்கிறவருக்கு எந்தத் தழை ஆகும், எது ஆகாது என்று தெரியாமல் இருக்குமா? நங்கை அவரைத் தேடிப் போய் நின்றார். அவர் நங்கையைப் பேசவே விடவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க அம்மணி. ஆடுகளைக் கெழக்கால ஓட்டிக்கறேன்" என்றார்.

முதல் மழைக்குக் கொடி முளைத்தது. நான் பிறந்ததிலிருந்து காட்டில் கிடப்பவன். இப்படி ஒரு செடியைப் பார்த்ததில்லை. கொடிக்குத் தனியாகப் பற்றுக்கம்பி கிடையாது. இலையின் நுனியே நீண்டு, சுருண்டு, கிடைத்ததைப் பிடித்துக்கொண்டு மேலே ஏறுகிறது. கிளுவைக் குச்சி, பந்தல் கம்பி, பக்கத்துக் கொடி, ஒருமுறை வேலியில் காயப்போட்ட என் துண்டு, எதுவும் தப்பாது. சமையல் வேலையும் இலைக்கு, மரம் ஏறுகிற வேலையும் இலைக்கு. நங்கை அந்த நுனியைக் கை என்பார். "கை புடிச்சுருச்சுங்க தம்பி. இனி அதுவே ஏறிக்கும்" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து சொல்வார். கீழே கிழங்கு தன்னிடம் இருப்பதையெல்லாம் கொடிக்குக் கொடுத்துச் சுருங்கிக்கொண்டே போகும். மழைக்காலம் முடிவதற்குள் மேலேயிருந்து இலைகள் திருப்பி அனுப்புவதை வைத்து அதன் பக்கத்திலேயே புதுக் கிழங்கு ஒன்று கவட்டை விடும்.

பூ ஐப்பசியில் வரும். தலைகீழாகத் தொங்கும், இதழ்கள் மட்டும் மேல்நோக்கி வளைந்து நிற்கும். முதலில் பச்சை, பிறகு மஞ்சள், பிறகு நுனியிலிருந்து சிவப்பு ஏறும். அடியில் பச்சையாகக் குட்டிக் காய் போல இருப்பதுதான் பிற்பாடு விதைக்காய் ஆகிறது. அதிலிருந்து புறப்படுகிற தண்டு நேராகப் போகாமல், யாரோ முறித்துவிட்ட மாதிரி ஒரு பக்கமாக மடங்கி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். சுற்றிலும் ஆறு காம்புகள், ஒவ்வொன்றின் நுனியிலும் மஞ்சள் தூள். தன் தூள் தன்மேல் படக்கூடாது என்று அப்படி ஒரு ஏற்பாடு. அந்த மடங்கிய தண்டை நங்கை மூக்கு என்பார்.

"கோவிச்சுக்கிட்டு மூக்கைத் திருப்பிக்கிட்டு நிக்குதுங்க. நாமதான் சமாதானம் பண்ணி வெக்கோணும்."

சமாதானம் என்பது இதுதான். காலையில் பனி காய்ந்ததும், ஒரு பூவிலிருந்து தூள் நுனியைக் கிள்ளி, இன்னொரு பூவின் மூக்கு நுனியில் மெல்லத் தொட வேண்டும். உச்சி வெயிலுக்கு முன் முடித்துவிட வேண்டும். தேனீயும் வண்டும் செய்கிற அளவு எங்கள் வறண்ட காட்டுக்குப் போதாது. தொட்ட பூ காயாகும், தொடாத பூ முழுக்கச் சிவந்து வாடி உதிர்ந்துவிடும். ஒரு நாள் விட்டால் அன்றைய பூக்கள் விட்டதுதான். ஒற்றை ஆளால் முடிகிற வேலை இல்லை.

ஆள் வேண்டும். ஆனால் பார்த்தாலே கண் வலிக்கிற பூவைத் தொட எவள் வருவாள்? இங்கேதான் நங்கை இரண்டாவது பொய்யைக் கண்டுபிடித்தார். இமையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டால் பூ ஒன்றும் செய்யாதாம். காட்டு வாசலை அடைக்கிற முள்படலுக்குப் பக்கத்தில் ஒரு கல், கல்மேல் ஒரு கிண்ணம், கிண்ணத்தில் எண்ணெய். காலையில் நாலைந்து பெண்கள் வரிசையில் நின்று, இரண்டு கண்ணிலும் பளபளவென்று தடவிக்கொண்டு உள்ளே போவார்கள். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு நான் மோட்டார் ரூமுக்குப் பின்னால் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன். நங்கை சிரிக்கவில்லை. தானும் தினமும் தடவிக்கொண்டார். பொய் சொன்னால் முழுசாகச் சொல்ல வேண்டும் என்ற கட்சி அவர்.

அடுத்த வருடத்துக்குள் ஊர் அந்தப் பொய்யை எடுத்துத் தன்னதாக்கிக்கொண்டது. வலது கண்ணில்தான் முதலில் தடவ வேண்டும், வெறும் வயிற்றில் போகக்கூடாது என்றெல்லாம் நங்கை சொல்லாத விதிகள் சேர்ந்தன. பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் எங்கள் இட்டேரியில் கண்ணை மூடிக்கொண்டு ஓடி, கிளுவை வேலியில் விழுந்து முள்ளோடு எழுந்தார்கள். என் வெங்காயத்தில் களை எடுக்க வந்த பெண்கள், வேலி வழியாகப் பூ தெரிகிறது, எங்களுக்கும் எண்ணெய் வையுங்கள் என்று கேட்டார்கள். வைத்தேன். வேறு என்ன செய்வது?

சுப்பாத்தாள் படலைத் தாண்டியதே இல்லை. சமைப்பாள், என் மாட்டில் பால் கறந்து கொடுப்பாள். மத்தியானம் சோற்றுத் தூக்குப்போசியைக் கொண்டுவந்து கல்மேல் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். பொய் வேலை செய்கிறது என்று நங்கைக்கு நிம்மதி.

நிம்மதி என்றால் பூ இருக்கிற வரைக்கும்தான். மாசியில் காய் பறித்து, ஆரஞ்சு நிற விதையைக் காயவைத்து ரசாக்குக்குக் கொடுத்தபின் கொடி காய்ந்து உதிர்ந்துவிடும். கோடை முழுக்கக் காட்டில் மேலே ஒன்றுமே இருக்காது. பயமுறுத்தப் பூ இல்லை. மண்ணுக்குள் கிழங்கு மட்டும் தூங்கும். அந்த மாதங்களில் நங்கை தினமும் காட்டைச் சுற்றி வருவார், மண் எங்கேயாவது கலைந்திருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு சித்திரையில் செருப்புக்கூட இல்லாமல் என் காட்டுக்கு ஓடி வந்தார். வேலியோரம் மண் தோண்டியிருக்கிறதாம். நானும் ஓடினேன். பெருச்சாளி வளை. காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினேன். நங்கை அந்த வெயிலில் அப்படியே உட்கார்ந்து அழுதார்.

"எனக்கு இந்த வெள்ளாமையே வேண்டாமுங்க தம்பி. சோத்துக்காக எமனைப் பயிர் பண்றேன்."

"விட்டுப்போட்டு வேற போடுங்க நங்கை."

"எதுலீங்க போடறது? கெணத்தைப் பார்த்தீங்கல்ல."

அந்த வருடமும் கிழங்கு முளைத்தது.

தொண்ணூற்றாறாம் வருடம் ஐப்பசியில், பூ நன்றாகப் பிடித்திருந்த சமயம், மெட்ராஸ் ஐ வந்தது. எங்கள் ஊரில் அதற்கும் பேர் கண்வலிதான். ஒரு வாரத்தில் பாதி ஊர் கண் சிவந்து பீளை தள்ளிக் கிடந்தது. பூ தொட வருகிற பெண்களுக்கு வந்தது. அவர்கள் பிள்ளைகளுக்கு வந்தது. நங்கைக்கும் வந்தது. யார் மேல் பழி விழும் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எண்ணெய்க்கு அடங்காத அளவு பூ இந்த வருடம் உக்கிரமாகிவிட்டது என்று பேச்சு. ஒருத்தியும் வேலைக்கு வரவில்லை.

ஒரு மத்தியானம் கூட்டமாகப் படலுக்கே வந்துவிட்டார்கள். முன்னால் மேற்குத்தோட்டத்து வரதராஜுலு. ஊரில் பெரிய பண்ணையம் அவருடையது. கெட்டவர் இல்லை, ஆனால் தான் முடிவு செய்துவிட்டால் எதிரில் நிற்பவர் பேசுவது காதில் விழாது. அவருக்கே ஒரு கண் சிவந்திருந்தது.

"ஏனம்மா நாச்சியம்மா, ஊரே கண்ணு தெரியாமக் கெடக்குது. இந்தப் பூவு நமக்கு வேண்டாம்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "பல்லடத்துல எங்க அண்ணனுக்கும் கண்வலி வந்துருக்குதுங்க. அங்க எந்தப் பூவைப் பார்த்தாராம்?"

"ஞாயித்துக்கெழமை இங்க வந்து பார்த்துட்டுத்தானே போனாரு."

"பட்டறையில எல்லாத்துக்கும் வந்துருக்குதுங்களே."

"அவங்க எல்லாம் உங்க அண்ணனைப் பார்த்துருப்பாங்க."

கண்வலிக்காரரைப் பார்த்தாலே ஒட்டிக்கொள்ளும் என்று டவுன்காரர்களே கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிந்த நேரம் அது. எங்கள் ஊர்க்காரர்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை.

"ஆளு நான் உடறேன்" என்றார் வரதராஜுலு. "கெழங்கோட தோண்டி இட்டேரியில கொட்டிப்போட்டா அதோட சனியன் தொலைஞ்சுது."

கிழங்கோடு தோண்டி, இட்டேரியில். வருகிறவர் போகிறவர் காலடியில். கூட்டத்துக்குப் பின்னால், கையில் தூக்குப்போசியோடு சுப்பாத்தாள் நின்றிருந்தாள். நங்கையின் சிவந்த கண்கள் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தன. ஒரே ஒரு வார்த்தை போதும். கண்வலி எல்லாம் நான் கட்டிய கதை, கிழங்கு விஷம், அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று சொல்லிவிட்டால் கூட்டம் கலைந்துவிடும், பெண்கள் வேலைக்கு வந்துவிடுவார்கள், வெள்ளாமை பிழைக்கும்.

நங்கை சொல்லாவிட்டால் நான் சொல்லிவிடுவது என்று ஆரம்பித்தேன். "கண்வலியெல்லாம் சும்மாங்க. இதுல உண்மை என்னன்னா..."

"தம்பி" என்றார் நங்கை. அவ்வளவுதான். நான் நிறுத்திக்கொண்டேன்.

பிறகு அவர் வரதராஜுலுவிடம் சொன்னார். "கெழங்கைத் தொட வேண்டாமுங்க. மண்ணுக்குள்ள கெடக்கறது யாரை என்ன பண்ணுது. பூவை நானே நாளைக்கு அறுத்துப்போடறேன், ஒண்ணு உடாம."

அதோடு கூட்டம் போய்விட்டது. சுப்பாத்தாள் தூக்குப்போசியைக் கல்மேல் வைத்துவிட்டு, எப்போதும்போல முகத்தைத் திருப்பிக்கொண்டு போனாள். நான் நங்கையிடம் கத்தினேன். அப்படிக் கத்தியிருக்கக்கூடாது, ஆனாலும் கத்தினேன். ஒரு வருட வெள்ளாமை, எருமை விற்ற குடும்பம், ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டேன்.

"பூவு போனா அடுத்த ஐப்பசிக்குப் பூக்கும் தம்பி" என்றார் நங்கை. "அவ போனா?"

மறுநாள் காலை கதிர் அரிவாளை எடுத்துக்கொண்டு நங்கை காட்டுக்குக் கிளம்பினார். கண் இரண்டிலும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது, பாதை சரியாகத் தெரியவில்லை. அறுக்கிற வேலையில் கை கொடுப்போம் என்று நானும் கூடப் போனேன். படல் திறந்து கிடந்தது. கல்மேல் எண்ணெய்க் கிண்ணம் கவிழ்த்து வைத்தபடியே இருந்தது. உள்ளே யாரோ பூ தொட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுப்பாத்தாள். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். இடது கையால் பூவை ஏந்தி, வலது கையால் தூள் நுனியைக் கிள்ளி, அடுத்த பூவின் மூக்கில் தொட்டு, அடுத்ததற்கு நகர்ந்தாள். புதிதாகச் செய்கிற கை மாதிரி தெரியவில்லை. நாலு வருடமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவள் இதையெல்லாம் எப்போது பார்த்தாளோ. இரண்டு பார் முடித்திருந்தாள். இமையில் எண்ணெய் இல்லை.

"கண்ணு, வெளிய வா" என்றார் நங்கை. "கண்ணு வலிக்கும்."

"வலிக்காதுங்க நங்கை."

"சொன்னாக் கேளு அம்மணி. பூவு..."

"பூவு ஒண்ணும் பண்ணாது. கெழங்குதான் பண்ணும்." அடுத்த பூவைத் தொட்டுக்கொண்டே சொன்னாள். "கிணத்துக்கடவுல எங்க மாமியா ஊட்டு வேலியில இது தானாவே மொளைச்சுக் கெடக்கும். கட்டிப் போன மொத வாரமே, அந்தக் கெழங்குகிட்டப் போயிராதேன்னு சொல்லிக் குடுத்தாங்க. மூட்டை வந்து எறங்குன அன்னைக்கே எனக்குத் தெரியுமுங்க."

நங்கை அரிவாளைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே நின்றார். நான்தான் கேட்டேன். "தெரிஞ்சுதான் திங்கறதான்னு கேட்டியா அம்மணி?"

"ஆமாங்கண்ணா. நங்கை என்ன சொல்றாங்கன்னு பார்க்கலாம்னு கேட்டேன். வெசம்னு சொல்லியிருந்தாங்கன்னா..." கொடியின் கை ஒன்றைக் கம்பியில் எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள். "அப்ப எனக்கு மனசு செரியில்லைங்கண்ணா. ஆனா நங்கை கண்ணு வலிக்கும்னாங்க. அப்பறம் பார்த்தா ஊருக்கெல்லாம் அதையே சொல்றாங்க. அப்பறம் எண்ணெயை வேற தடவிக்கிட்டாங்க. நாச்சியம்மா நங்கை, வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசாதவங்க, எனக்காக ஊரையே கண்ணை மூட வெக்கறாங்க. ஒரு ஆளு நமக்காக இத்தனை பொய் சொல்லுதுன்னா, இருந்துதான் பார்க்கலாமேன்னு இருந்துட்டேன்."

நங்கை முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கண்வலிக்காரர் அப்படிக் கண்ணைக் கசக்கக்கூடாது. நான் கீழே கிடந்த அரிவாளை எடுத்து வேலியோரம் வைத்தேன்.

"நேத்து நீங்க அறுக்கறேன்னு சொன்னீங்க பாருங்க" என்றாள் சுப்பாத்தாள், "அதுக்கு மேலயும் நான் சும்மா இருந்தேன்னா மனுசியே இல்லைங்க. நீங்க அப்படிக்கா நெழல்ல உட்காருங்க. வெயில் ஏறிப்போச்சு, பூவெல்லாம் நிக்குது."

ஊரை வழிக்குக் கொண்டுவந்ததும் அவள்தான். எனக்கு வாதம் செய்யத்தான் தெரியும். அவளுக்கு ஊரைத் தெரிந்திருந்தது. வரதராஜுலு வீட்டுக்குப் போனாள். பூவின் மேல் குற்றமில்லை, எண்ணெயின் மேல்தான் குற்றம், இந்த வருடம் வாங்கியது கடை எண்ணெய், கலப்படம், அதனால்தான் நிற்கவில்லை, ஊட்டில் காய்ச்சிய எண்ணெய் என்றால் இப்படி ஆகியிருக்காது என்று சொன்னாள். வரதராஜுலு யோசித்துப் பார்த்துவிட்டு, கடை எண்ணெயைப் பற்றித் தானே நாலு வார்த்தை திட்டினார். அறுக்கிற பேச்சு அதோடு போயிற்று. சுப்பாத்தாள் ஆமணக்குக் கொட்டமுத்தை வறுத்து இடித்துத் தானே எண்ணெய் காய்ச்சினாள். கண் தெளிந்த பெண்கள் ஒவ்வொருத்தியாகத் திரும்பி வந்தார்கள். படலில் கிண்ணத்தோடு அவளே நின்றாள். "வலது கண்ணு மொதல்ல" என்று முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள். அந்த வாரம் பூ நிறையப் போய்விட்டது. ஆனால் மீதி பிழைத்தது.

கார்த்திகை முடிகிற நேரம், காய் பிடித்த கொடிகளில் புழு விழுந்தது. இலையை எல்லாம் அரித்துக்கொண்டே வந்தது. மருந்து அடித்தாக வேண்டும். இந்த மாதிரி நேரங்களில் நங்கைதான் வந்து என்னிடம் மருந்தை வாங்கிப் போவார், அடித்து முடித்ததும் டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்து வைப்பார். அன்றைக்குச் சாளை வாசலில் வந்து நின்றது சுப்பாத்தாள்.

"மருந்து வேணுமாமுங்கண்ணா. நங்கை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

நான் சாவியைக் கையில் எடுத்துவிட்டேன், கொடுக்கவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். நங்கை காட்டு நடுவில் நின்றிருந்தார். கூப்பிடு தூரம்தான். இத்தனை வருடமாகச் சுப்பாத்தாள் எங்கே போனாலும் பின்னாலேயே வந்த கண்கள், நான் பார்த்து முதல்முறையாக, வேறு பக்கம் இருந்தன. எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு கொடியைக் கம்பியில் ஏற்றிக்கொண்டிருந்தார்.

சாவியைக் கொடுத்தேன். சுப்பாத்தாள் சாளையைத் திறந்து டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். பொழுது இறங்குவதற்குள் அடித்து முடித்துவிட்டு, கையைக் காலைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தாள். மீதி மருந்தை இருந்த இடத்தில் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் நீட்டினாள்.

"இங்கயே இருக்கட்டுங்கண்ணா. ஊட்டுல வெச்சா நாத்தம் தாங்கறதில்ல" என்று சொல்லிவிட்டு, பால் கறக்கச் சொம்பை எடுத்துக்கொண்டு என் கட்டுத்தறிப் பக்கம் போனாள்.